கதவுக்கு வெளியே சொல்லவேண்டிய வார்த்தை

டிப்போவில் அந்தப் பெண் ஓட்டுநருக்கு ‘ராக்கெட்’ என்று பெயர். கிண்டலுக்கு வைத்த பெயர்தான். அவர் நிறுத்தத்திலிருந்து பேருந்தை எடுக்கும்போது, நின்றுகொண்டிருப்பவர் கைப்பிடியைத் தாவிப் பிடிக்கவேண்டியிருக்காது. அவர் பிரேக் போட்டால் கையில் இருக்கும் தேநீர் தளும்பாது. “ராக்கெட் வண்டியா? அப்ப நான் நடந்தே போயிடறேன், சீக்கிரம் போய்ச் சேரலாம்” என்று மற்ற ஓட்டுநர்கள் ஓய்வறையில் சத்தமாகவே சொல்வார்கள். அவர் காதில் வாங்கிக்கொள்ளாமல் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருப்பார். குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு வருகிறவர்களும் முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் முன்னால் வந்த பேருந்தை விட்டுவிட்டு அவர் வண்டிக்காகக் காத்திருந்து ஏறுவதை நானே பார்த்திருக்கிறேன்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் நீண்ட விடுப்பில் போனார். காரணம் மகள்.

மகளுக்கு வீட்டில் ‘மேடம்’ என்று பெயர். அப்பா வைத்தது. மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கும் அந்த மனிதர், வேலை முடிந்து வந்ததும், “மேடம் மூடு எப்படி?” என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார். மேடத்துக்கு ஏழு வயது. ஆட்டிசம் இருக்கிறது என்று மூன்று வயதிலேயே சொல்லிவிட்டார்கள். பேச்சு கொஞ்சம்தான். பேசும்போது அளந்து, சரியாகப் பேசுவாள். தட்டில் சாதமும் கறியும் ஒன்றை ஒன்று தொடக்கூடாது. சட்டைக் கழுத்தில் துணிச்சீட்டு இருக்கக்கூடாது. இதெல்லாம் அந்த வீட்டில் பழகிப்போன விஷயங்கள். பழகவே முடியாதது ஒன்றுதான் இருந்தது: வாசற்கதவு.

ஒரு கட்டத்துக்குப் பிறகு வீட்டிலிருந்து யாரும் வெளியே போக முடியவில்லை. அம்மா போனால் கதவுக்குப் பக்கத்தில் உட்காருவாள். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு கத்தல். பிறகு தலையைக் கதவில் மோதுவாள். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து மணியடிப்பார். அம்மா லிஃப்ட் வரை போய்த் திரும்ப ஓடிவருவார். அப்பா போனாலும் இதே கதைதான். அத்தை வந்துவிட்டுக் கிளம்பினாலும் இதேதான். விருந்தாளிகள் வருவது நின்றுபோனது. குப்பை கொட்டப் போவதற்குக்கூட அவர்கள் திட்டம் போட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், பள்ளிக்கூடத்தில் இந்தப் பிரச்சினையே இல்லை. அங்கே யார் போனாலும் மேடம் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். “இங்க ரொம்ப நல்லா இருக்காளே” என்று ஆசிரியை சொன்னார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அந்தச் சொல் வீட்டுக்கு வந்தபோது வேறு மாதிரி ஆகிவிட்டது.

“ஸ்கூல்ல இருக்க முடியுதுல்ல? அப்ப வீட்ல எதுக்கு அடம்? நீ குடுக்கற செல்லம்” என்றார் நாத்தனார்.

நாத்தனார் என்றால் கணவருக்கு அக்கா. ஊருக்கு மறுகோடியில் துணிகளைப் பிரித்துத் தைத்துக்கொடுக்கும் ஒரு சிறு கடை வைத்திருந்தார். வாயில் எப்போதும் குண்டூசி இருக்கும். பேச்சும் அதே ரகம். ஆனால் கூப்பிட்ட நேரத்துக்கு இரண்டு பேருந்து மாறி வந்து நிற்கிறவரும் அவர்தான். ராக்கெட் அவரை ‘அண்ணி’ என்று கூப்பிடுவார்.

“செல்லம் இல்ல அண்ணி. எனக்கே புரியல” என்றார் ராக்கெட்.

“நான் பாத்துக்கறேன், நீ வேலைக்குப் போன்னு எத்தனை தடவ சொல்லிட்டேன். ஆனா இந்தக் கதவை மட்டும் என்னால சமாளிக்க முடியாதும்மா. போன தடவ நான் வீட்டுக்குக் கிளம்பினப்ப என் முந்தானையைப் பிடிச்சு ஒரு இழு இழுத்தா பாரு, நான் தச்ச தையலே பிரிஞ்சுடுச்சு.”

விடுப்பு நீண்டுகொண்டே போனது. ஒருநாள் டிப்போ மேலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். நல்ல மனிதர்; சுற்றி வளைத்துப் பேசினார். அடுத்த மாதத் தொடக்கத்தில் ஸ்டியரிங்கில் உட்காராவிட்டால் அவருடைய இடம் வேறொருவருக்குப் போய்விடும். அப்புறம் திரும்ப வரவேண்டுமென்றால் பயிற்சி வண்டியிலிருந்து ஆரம்பிக்கவேண்டும், அதுவும் இடம் காலியானால்தான். “என் கையில ஒண்ணும் இல்லம்மா” என்றார்.

ராக்கெட்டுக்கு அந்த வேலை வெறும் சம்பளம் மட்டும் இல்லை. இந்த ஊருக்கு வந்த புதிதில், தெருப் பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரியாமல் கடைக்குப் போகவே பயந்த ஒரு பெண், பெரிய வண்டி உரிமம் எடுத்து, முதல்முறை தோற்று, இரண்டாம் முறை தேறி, ஒரு நகரத்தையே முதுகுக்குப் பின்னால் உட்காரவைத்து ஓட்டிக் காட்டியிருந்தார். அதை விட்டுவிட்டால் திரும்பவும் அந்தப் பழைய பெண்ணாகிவிடுவோமோ என்ற பயம் அவருக்கு. இதை அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். வெளிநாட்டில் பிழைக்க வந்தவர்களுக்கு இந்தப் பயத்தை விளக்கத் தேவையில்லை.

அப்போதுதான் பெற்றோர் பயிற்சி வகுப்பு ஆரம்பித்தது.

சனிக்கிழமை காலைகளில், பொது நூலகத்தின் மாடி அறை. குழந்தைகளுக்குக் கதை சொல்லும் அறை அது. ஆகவே நாற்காலிகளெல்லாம் குட்டி நாற்காலிகள். பெரியவர்கள் முழங்கால் காதைத் தொடுகிற மாதிரி குந்திக்கொண்டு உட்காரவேண்டும். பேக்கரி வைத்திருந்த ஓர் அப்பா, ஆள் தூண் மாதிரி, ஒவ்வொரு வாரமும் எழுந்திருக்கும்போது நாற்காலியும் அவரோடு சேர்ந்தே எழுந்துவரும். தபால் கொடுக்கும் ஓர் அம்மா. ராக்கெட்டும் கணவரும் வாரம் மாற்றி வாரம் வருவார்கள். ஒருவர் வீட்டில் கதவைக் காக்கவேண்டும். என் மகனுக்காக நானும் போய்க்கொண்டிருந்தேன். தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள்தான். மற்றவர்களோடு பேசுவதெல்லாம் இந்த ஊர் மொழியில்.

பயிற்சியாளர் நெடுநெடுவென்று வளர்ந்த ஒரு பெண். எந்தப் பெற்றோரையும் ‘ஏன் இப்படிச் செய்தீர்கள்’ என்று கேட்டதில்லை. அவருக்கு ஒரே ஒரு கேள்விதான்: “அதுக்குச் சரியா முன்னாடி என்ன நடந்துச்சு?” குழந்தை கடித்ததா, அதற்கு முன்னாடி என்ன? குழந்தை ஓடியதா, அதற்கு முன்னாடி என்ன? எங்களுக்கெல்லாம் பின்னாடி நடந்ததுதான் நினைவிருக்கும். ஆகவே வீட்டில் நடப்பதை வீடியோ எடுத்துவரச் சொன்னார்.

ஒரு சனிக்கிழமை அண்ணி காவலுக்கு வந்ததால், ராக்கெட்டும் கணவரும் சேர்ந்தே வகுப்புக்கு வந்திருந்தார்கள். கணவர் எடுத்த வீடியோவைச் சுவரில் போட்டார்கள். ராக்கெட் ஷூ மாட்டுகிறார். சாவியை எடுக்கிறார். குனிந்து மகளின் தாடையைத் தொட்டு ஏதோ சொல்கிறார். வெளியே போய்க் கதவைச் சாத்துகிறார். மேடம் கதவுக்கு முன்னால் சப்பணமிட்டு உட்காருகிறாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் முகம் மாறத் தொடங்கியதும் ராக்கெட் சுவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பயிற்சியாளர் நிறுத்தினார். பின்னால் ஓட்டினார். மேடம் உட்காருகிற இடத்தில் படத்தை நிறுத்தினார்.

“இங்க பாருங்க. இவ சிரிக்கிறா.”

எல்லோரும் பார்த்தோம். உண்மைதான். உதட்டோரம் ஒரு சின்னச் சிரிப்பு. பரிசுப் பொட்டலத்தைப் பிரிக்கப் போகிற குழந்தையின் சிரிப்பு. பெற்ற இருவரும்கூட அதுவரை அதைப் பார்த்திருக்கவில்லை. அம்மா அப்போது கதவுக்கு வெளியே இருந்தார். அப்பாவுக்கு அடுத்து வரப்போகிற கத்தலில்தான் கவனம்.

“அம்மா கிளம்பறப்ப பொண்ணு எதுக்குச் சிரிக்கிறா? நீங்க அவகிட்ட என்ன சொன்னீங்க?”

“நான் கிளம்பறேன்னு சொன்னேன்.”

“அதே வார்த்தையா? எனக்கு உங்க மொழி தெரியாது. வார்த்தைக்கு வார்த்தை அப்படியே மாத்திச் சொல்லுங்களேன்.”

ராக்கெட் வாயைத் திறந்தார். மூடினார். “அதே வார்த்தைன்னா… ‘அம்மா வரேன், சரியா?’ அப்படின்னு.”

“வரீங்களா? எங்க வரீங்க?”

“எங்கயும் வரல. போறேன்.”

“போறப்ப வரேன்னு சொல்லுவீங்களா?”

“நாங்க எல்லாருமே அப்படித்தான் சொல்லுவோம்.”

பேக்கரிக்காரரால் அடக்க முடியவில்லை. “அப்ப வரவங்க என்ன சொல்லுவீங்க? போறேன்னா?”

அறை சிரித்தது. கணவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறந்ததிலிருந்து ஒவ்வொரு வாசலிலும் சொல்லி வந்த சொல் அது. அதற்குள் என்ன இருக்கிறது என்று நாங்கள் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. ராக்கெட் மட்டும் சிரிக்கவில்லை. சுவரில் உறைந்திருந்த மகளின் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப அவ அடம் பிடிக்கல,” என்றார் மெதுவாக. “வரேன்னு சொன்னேன். அதை நம்பி உக்காந்திருக்கா.”

“நான் நினைக்கிறது தப்பாவும் இருக்கலாம்,” என்றார் பயிற்சியாளர். “சோதிச்சுப் பாத்தாதான் தெரியும். ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? அவ கத்தினதும் நீங்க திரும்பி ஓடி வந்துடறீங்க. கத்தினா வரேன்கிறது நிஜமாயிடுது.”

ராக்கெட் தலையில் கைவைத்துக்கொண்டார். ஆனால் முகத்தில் சோகம் இல்லை. வண்டியில் எங்கேயோ கேட்டுக்கொண்டிருந்த சத்தம் எந்தச் சக்கரத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்த டிரைவரின் முகம் அது.

வழி சுலபம் என்று கணவர் நினைத்தார். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் ‘பை’ சொல்லிவிட்டுத்தானே போகிறார்கள்? நாமும் பை சொல்லிவிடுவோம்.

மறுநாள் காலை ராக்கெட் ஷூவை மாட்டிக்கொண்டு, மகளைப் பார்த்துக் கையாட்டி, “பை” என்றார்.

மேடம் எழுந்து சமையலறைக்குப் போனாள். கொக்கியில் மாட்டியிருந்த துணிப்பையை எடுத்துக்கொண்டு வந்து அம்மா கையில் கொடுத்தாள்.

“இல்லடா கண்ணு. இது இல்ல. பை. பை!”

மேடம் யோசித்தாள். திரும்பப் போய்க் காய்கறி வாங்கும் பெரிய பையையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

கணவர் சோபாவில் விழுந்து சிரித்தார். ராக்கெட் இரண்டு பைகளோடு வாசலில் நின்றார். குறை சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்துப் பை பள்ளிக்கூடத்தில். வீட்டில் பை என்றால் பைதான். எங்கள் உச்சரிப்பும் அப்படி, இரண்டுக்கும் அதிக வித்தியாசம் இருக்காது.

“பேசாம வீட்லயும் இந்த ஊர் மொழியையே பேசிடலாமா?” என்றார் கணவர், சிரிப்பு அடங்கிய பிறகு. முன்பு ஒரு மருத்துவர் அப்படி ஒரு யோசனை சொல்லியிருந்தார். குழந்தைக்கு ஒரே மொழி போதும் என்று.

“அந்த மொழியில வண்டி ஓட்டுவேன். சண்டைகூடப் போடுவேன். கொஞ்ச வராது எனக்கு,” என்றார் ராக்கெட். “தாடையைத் தொட்டுட்டு அந்த மொழியில என்னத்தைச் சொல்றது?”

அடுத்த வகுப்பில் பயிற்சியாளரிடம் இதைக் கேட்டார்கள். மொழியை விடவேண்டிய அவசியமில்லை என்றார் அவர். “போறதுக்கு உங்க மொழியில வார்த்தையே இல்லையா?”

“இருக்கு.”

“அப்புறம் என்ன?”

“அதைச் சொல்லமாட்டோம்.”

பயிற்சியாளருக்குப் புரியவைக்க எங்களுக்கு ரொம்ப நேரம் பிடித்தது. புரிந்ததும் அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு, “சரி, இனிமே சொல்லுங்க” என்றார்.

அதற்குத்தான் அண்ணி விடவில்லை.

“என்னது, போறேன்னு சொல்லணுமா? காலங்காத்தால? பஸ் ஓட்டப் போறவ? வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு?” வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்து ரவிக்கையில் குத்திக்கொண்டார். நீண்ட சண்டைக்குத் தயார் என்று அர்த்தம். “நம்ம வீட்ல போனவங்கன்னு யாரைச் சொல்லுவோம் தெரியுமில்ல? ஒரேயடியா போய்ச் சேந்தவங்களைத்தான்!”

“அக்கா, அது வெறும் வார்த்தை,” என்றார் கணவர்.

“வெறும் வார்த்தைன்னா உன் பொண்ணு எதுக்குடா கதவுல முட்டிக்கிறா?”

யோசித்துப் பார்த்தால், அந்த வீட்டில் சொல்லுக்கு முழு மதிப்புக் கொடுத்தவர்கள் இரண்டே பேர்தான். மேடம் ஒருத்தி, அத்தை இன்னொருத்தி.

ராக்கெட்டுக்கும் லேசாக இல்லை. வாயில் அந்தச் சொல் நிற்கவே மறுத்தது. வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி ஒத்திகை பார்த்தார்கள். கணவர் மேடமாக வாசலில் சப்பணமிட்டு உட்காருவார். ராக்கெட் கையில் சாவியோடு நிற்பார்.

“அம்மா போயிட்டு வரேன்… ஐயோ.”

“மேடம் காத்துக்கிட்டு இருக்கேன்” என்பார் கணவர்.

“அம்மா போறேன்… வந்துடுவேன்.”

“வந்துடுவியா? சரி, இங்கயே உக்காந்திருக்கேன். தலையை இப்பவே முட்டிக்கட்டுமா, அப்புறமா?”

“சும்மா இருங்க. நாக்குல பிரேக் போடவே முடியல எனக்கு.”

உண்மையில் அந்த ‘வந்துடுவேன்’தான் பெரிய தொல்லையாக இருந்தது. முதல் சில முறை மகளிடம் அப்படியே சொல்லிவிட்டார். மேடம் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வழக்கம்போல் உட்கார்ந்துவிட்டாள். மொட்டையாகச் சொல்லவேண்டும். ‘அம்மா போறேன்.’ அவ்வளவுதான். பின்னால் வாலே கூடாது.

பயிற்சியாளர் இன்னும் ஒன்று சொல்லிக்கொடுத்தார். முதலில் தூரமாகப் போகாதீர்கள். கதவுக்கு வெளியே நின்றுவிட்டு, அவள் அமைதியாக இருக்கும்போதே உள்ளே வாருங்கள். கத்தலுக்கு முன்னால் வரவேண்டும், பின்னால் அல்ல. பிறகு லிஃப்ட் வரை. பிறகு தபால் பெட்டி வரை. பிறகு தெருமுனை. ராக்கெட்டுக்கு இது பிடித்திருந்தது. புதுத் தடத்தில் வண்டி பழகுவதும் இப்படித்தான். ‘வரேன்’ என்ற சொல்லை என்ன செய்வது என்று கேட்டபோது பயிற்சியாளர் சொன்ன யோசனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. அந்தச் சொல்லைத் தூக்கிப் போடவேண்டாம். அது நிஜமாகும் இடத்தில் வையுங்கள்.

அதன்படி ராக்கெட் திரும்பி வந்து, கதவுக்கு வெளியே நின்று, சாவியைப் போடுவதற்கு முன், உரக்க “வரேன்!” என்பார். உடனே கதவு திறக்கும். அம்மா நிற்பார்.

முதல் சில நாட்கள் கதவுக்குப் பின்னால் சத்தமில்லை. பிறகு ஒருநாள் “வரேன்!” என்றதும் உள்ளே தடதடவென்று ஓடிவரும் காலடிச் சத்தம் கேட்டது. ராக்கெட் சாவியைக் கீழே போட்டுவிட்டார். மேடம் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. எங்கேயோ உள்ளே விளையாடிக்கொண்டிருந்தாள். சொல் கேட்டதும் ஓடிவருகிறாள். ஓடிவந்த குழந்தையைக் கட்டிக்கொள்ளக்கூடத் தோன்றாமல், “என்னங்க! உள்ளருந்து ஓடி வரா! உள்ளருந்து!” என்று கணவருக்குத் தொலைபேசியில் கத்தினார். சலவை இயந்திரங்களின் இரைச்சலில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. “யார் ஓடிப் போயிட்டா?” என்று அவர் பதறினார்.

அம்மாவுக்குச் சரியானது. ஆனால் மற்றவர்கள்? இது அம்மாவோடு மட்டும் நின்றுவிடக்கூடாது, வேறு ஆட்களோடும் பழகவேண்டும் என்றார் பயிற்சியாளர். ஆட்களுக்கு எங்கே போவது? “நாங்க எதுக்கு இருக்கோம்?” என்றார் பேக்கரிக்காரர்.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வகுப்பு முழுவதும் அந்த வீட்டுக்கு விருந்தாளியாகப் போனோம். வருவதற்கு அல்ல, போவதற்காகவே போன விருந்தாளிகள். ஒவ்வொருவராக எழுந்து, வாசலில் நின்று, மேடத்தைப் பார்த்து, தமிழில் ‘போறேன்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்பவேண்டும். லிஃப்டில் ஏறும்போதே எல்லோரும் முணுமுணுத்துப் பழகிக்கொண்டு வந்தார்கள். அண்ணியும் இருந்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

முதலில் பேக்கரிக்காரர். கொண்டுவந்த ரொட்டியை மேசையில் வைத்தார். தேநீர் குடித்தார். எழுந்தார். வாசலில் நின்று நெஞ்சை நிமிர்த்தி, “பூரான்” என்றார்.

“எங்க? எங்க?” என்று அண்ணி இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கிக்கொண்டார்.

ராக்கெட் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பேக்கரிக்காரர் குழம்பிப்போய், “தப்பா சொல்லிட்டேனா?” என்றார். திருத்தினார்கள். அவர் திரும்பவும் மூச்சிழுத்து, “போ-றேன்” என்றார். மேடம் கதவருகே கண்டக்டர் மாதிரி நின்று அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவர் போனார். கதவு மூடியது. மேடம் உட்காரவில்லை. அடுத்த ஆள் யார் என்பது போல் எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

தபால்கார அம்மா சுத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார். பயிற்சியாளர் கொஞ்சம் பாட்டு மாதிரி சொன்னார், அதுவும் செல்லுபடியானது. என் முறை வந்தது. தாய்மொழிக்காரனுக்குத்தான் தடுமாற்றம். “போ… போயிட்…” என்று ஆரம்பித்தேன். ராக்கெட் பலமாக இருமினார். “போறேன்!” என்று முடித்துவிட்டு வெளியே வந்து லிஃப்ட் அருகே நின்று காது கொடுத்துக் கேட்டேன். கத்தல் இல்லை. முன்னால் போன மூவரும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள்; பேக்கரிக்காரர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். ஒரு வீட்டை விட்டு வெளியேறியதற்காக நான்கு பேர் லிஃப்டில் கைகுலுக்கிக்கொண்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அண்ணி மட்டும் அன்று சொல்லவில்லை. எல்லோரும் போன பிறகு கணவரே அவரைப் பேருந்து நிறுத்தம் வரை கூட்டிப்போவது போல் அழைத்துக்கொண்டு, “அக்காவும் நானும் போறோம்” என்று இருவருக்கும் சேர்த்துச் சொல்லிச் சமாளித்தாராம்.

மாதம் பிறந்தது.

வேலைக்குத் திரும்பும் நாள் பள்ளி விடுமுறையில் வந்தது. கணவருக்குக் காலை வேலை; அவர் முன்பே ‘போறேன்’ சொல்லிப் போய்விட்டார், மேடம் கண்டுகொள்ளவில்லை. அண்ணி வந்து சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். ராக்கெட் சீருடை போட்டிருந்தார். தோளில் லேசாகப் பிடித்தது. அண்ணி முந்தின நாளே பிரித்துத் தைத்துக் கொடுத்திருந்தும் பிடித்தது. ஷூ லேஸைக் கட்டினார். மகளின் தாடையைத் தொட்டார்.

“அம்மா போறேன்.”

மேடம் கையில் இருந்த வண்ணப் பென்சிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் சரியாக இருந்தது. ராக்கெட் கதவுப்பிடியில் கைவைத்தார்.

அந்த நேரத்தில் சமையலறையிலிருந்து, குழாய்ச் சத்தத்துக்கு மேல், ஆயுள்பழக்கத்தில், அண்ணி குரல் கொடுத்தார்: “பாத்துப் போயிட்டு வாம்மா!”

மேடம் தலையைத் தூக்கினாள். பென்சிலைக் கீழே வைத்தாள். கதவருகே வந்து சப்பணமிட்டு உட்கார்ந்தாள். உதட்டோரம் அந்தச் சிரிப்பு.

ராக்கெட் கதவுப்பிடியை விடவில்லை. போகலாம். போனால் என்ன நடக்கும் என்று தெரியும். போகாவிட்டால் டிப்போவில் வண்டி நிற்கும், அவருடைய இடத்தில் வேறு ஒருவர் ஏறுவார். இனிமேல் யார் எதைச் சொன்னாலும் மேடம் பிடித்துக்கொண்டிருப்பது அந்த ‘வா’வைத்தான்.

குழாய்ச் சத்தம் நின்றது. அண்ணி சமையலறை வாசலில் வந்து நின்றார். கையிலிருந்து நுரை சொட்டியது. தரையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்தார். என்ன செய்துவிட்டோம் என்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

அவர் வந்து மேடத்துக்குப் பக்கத்தில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். சுலபத்தில் உட்கார முடிகிற உடம்பு இல்லை.

“மேடம். அத்தை தப்பா சொல்லிட்டேன். அம்மா வரல.” நிறுத்தினார். பிறகு அந்தச் சொல்லைச் சொன்னார். “அம்மா போறா.”

மேடம் அசையவில்லை.

அண்ணி நிமிர்ந்து ராக்கெட்டைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் கடையில் வாடிக்கையாளரோடு சண்டை போடும்போது வருகிற அதே குரல். “என்ன வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கற? போ! வேலையைப் பாக்கப் போம்மா. போ!”

மேடம் அத்தையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். சிரிப்பு மெல்லக் கலைந்தது, கத்தலாக மாறவில்லை. எழுந்தாள். பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். அம்மாவின் இடுப்பில் ஒரு விரலை வைத்துத் தள்ளினாள்.

“போ,” என்றாள்.

அவள் யாரிடமும் அதுவரை அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

ராக்கெட் போனார். லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை, படியில் இறங்கினார். ஒவ்வொரு தளத்திலும் ஒரு கணம் நின்று மேலே கேட்டார். ஒன்றுமில்லை. கீழ்வீட்டுக்காரர் செய்தித்தாளோடு கதவைத் திறந்தார், சத்தம் வரும் என்று தயாராக வந்தவர் மாதிரி. “இன்னிக்கு அமைதியா இருக்கே?” என்றார். “இன்னிக்கு நான் வேலைக்குப் போறேன் சார்!” என்று அவரிடமும் சொல்லிவிட்டு இறங்கினார்.

டிப்போவில் இருக்கையை முன்னால் இழுத்து, கண்ணாடிகளைத் திருப்பி, பிரேக்கை இரண்டு முறை மிதித்துக் காற்று சீறுவதைக் கேட்டுக்கொண்டார். வேறு யாரோ இருக்கையை மாற்றி வைத்திருந்தார்கள். அதைத் தன் அளவுக்குக் கொண்டுவர முழு வாரம் ஆகும் என்று திட்டினார். வண்டியை எடுத்தார். முதல் நிறுத்தத்தில் குழந்தை வண்டியோடு நின்ற ஒரு பெண், “அட, நீங்களா!” என்றார். தடம் முடிகிற இடத்தில், அடுத்த நடைக்கு முன்னால் இருந்த சிறிய ஓய்வில், வீட்டுக்குத் தொலைபேசி போட்டார்.

“அண்ணி, அழறாளா?”

“யாரு? அவளா? சாப்பிட்டாச்சு. குளிச்சாச்சு.”

“அப்ப என்ன பண்றா?”

“என்ன பண்றாளா? நல்லா கேட்ட போ. புது வார்த்தை கிடைச்சிருக்குல்ல, சும்மா இருப்பாளா? மீன் தொட்டியப் பாத்துப் போங்கறா, ஃபேனைப் பாத்துப் போங்கறா. இப்ப என்னையும் போன்னுட்டா.”

“எங்க?”

“அவ ரூமை விட்டு வெளிய! கதவைச் சாத்திட்டுப் படம் போடறா. நான் ஹால்ல உக்காந்திருக்கேன், வேலையில்லாத வாட்ச்மேன் மாதிரி.”

ராக்கெட் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்தார். முன்இருக்கையில் ஏறி உட்கார்ந்திருந்த இருவர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

“அண்ணி, உங்களுக்குக் கோபமா?”

“கோபமா? ஏழு வருஷமா இந்தப் பொண்ணு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுவாளான்னு தவம் கிடந்தேன்டி நான். போன்னா போன்னே இருக்கட்டும். அதிகாரமா சொல்றா பாரு, உன் புருஷன் சும்மாவா மேடம்னு பேர் வச்சான்? சரி சரி, வை போனை. ஜனங்க காத்துக்கிட்டு இருப்பாங்க, வண்டியை எடு.”

ராக்கெட் கதவை மூடும் பொத்தானை அழுத்தினார். வண்டி நிறைந்திருந்தது.